வராத நோயாளி மீது போடும் பழி

"மாத்திரையை இலவசமாகத்தான் தருகிறார்கள். வந்து வாங்கிச் சாப்பிடாவிட்டால் அது அவன் தலையெழுத்து." எச்.ஐ.வி. பற்றிப் பேச்சு வரும்போது படித்தவர்கள்கூடத் தயங்காமல் சொல்வது இது. நோயாளி வீடில்லாதவர், போதைப் பழக்கம் உள்ளவர், மனநோயால் அவதிப்படுபவர் என்றால் கேட்கவே வேண்டாம். "இவர்களைத் திருத்த முடியாது" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இது தவறான எண்ணம், ஆட்களைச் சாகவிடும் எண்ணம்.

ஒரு காலத்தில் இதே பழியை ஒரு கண்டத்தின் மீதே போட்டார்கள். 2001இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்காவில் பலர் கடிகாரத்தையே பார்த்ததில்லை, காலை, நண்பகல், மாலை, இருட்டு என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த நேரம், அப்படிப்பட்டவர்கள் எப்படி வேளை தவறாமல் மருந்து சாப்பிடுவார்கள் என்ற பொருளில் பேசினார். மருந்து அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கணக்கு வேறாக இருந்தது. 2006இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் 77 சதவீதம் பேர் மருந்தைச் சரியாக எடுத்துக்கொண்டார்கள். வட அமெரிக்காவில் 55 சதவீதம் பேர்தான்.

அமெரிக்காவில் மருந்தை விடுபவர்கள் ஏன் விடுகிறார்கள் என்று தெரிய, சான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளைப் பார்க்க வேண்டும். கூடாரத்தில் படுத்திருப்பவரின் பை திருடுபோனால் அந்த மாத மாத்திரையும் போகும். நகராட்சி ஆட்கள் நடைபாதையைக் காலி செய்யும்போது மூட்டையோடு மருந்தும் குப்பை வண்டியில் ஏறிவிடும். காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் போனில் சார்ஜ் இருக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், திரும்பி வரும்வரை சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இவ்வளவையும் தாண்டி அரை மணி தாமதமாக வந்து நிற்பவரிடம் "இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிவிட்டு, அக்கறையில்லாதவர் என்று அவர் பெயருக்கு எதிரே எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

அந்த நகரத்தின் பொது மருத்துவமனையில் 1983 முதல் இயங்கிவரும் எய்ட்ஸ் புறநோயாளிப் பிரிவுக்கு 'வார்டு 86' என்று பெயர். 2019 ஜனவரியில் அங்கே 'பாப்-அப்' என்ற கிளினிக்கைத் தொடங்கினார்கள். நிலையான வீடு இல்லாமல், இரத்தத்தில் வைரஸ் மருந்தால் அடங்காமல், குறித்த நாளில் வராமல் போனவர்களுக்காகவே இது. மற்ற இடங்களில் யாரைக் கழித்துக்கட்டுகிறார்களோ அவர்களையே இங்கே தேடிச் சேர்த்தார்கள். முன்பதிவு கிடையாது, கிளினிக் நேரத்தில் எப்போது வந்தாலும் டாக்டரைப் பார்க்கலாம். வந்து போனால் கடையில் மாற்றிக்கொள்ளப் பரிசு அட்டை கொடுத்தார்கள். முதலில் சேர்ந்த 75 பேரில் 79 சதவீதம் பேர் ஒரே வாரத்துக்குள் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் அடங்கியது. இவர்களைத்தான் திருத்த முடியாது என்றார்கள்.

அதற்கு முன்பே, 2015இல், சியாட்டிலில் தொடங்கிய 'மேக்ஸ்' கிளினிக்கும் இதே வழியில்தான் போயிற்று. சாப்பாட்டுக் கூப்பன், பஸ் பாஸ், செல்போன், வைரஸ் அடங்கினால் ரொக்கம் எல்லாம் உண்டு. நோயாளிக்குக் காசு கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தியாவைப் பார்க்கட்டும்: காசநோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அரைகுறையாகச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு மசியாத வைரஸாக மாறிவிடும், அது ஊருக்கே ஆபத்து என்பார்கள். பயம் நியாயமானது, அதைச் சாக்காக்கி மருந்தை மறுப்பது நியாயமில்லை. மருத்துவ ஆய்வாளர் டேவிட் பாங்ஸ்பெர்க் குழுவினர் சான் பிரான்சிஸ்கோவின் வீடற்றவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் என்ற அந்தக் காலத்து எச்.ஐ.வி. மாத்திரைகளை அடிக்கடி விட்டவர்களைவிட, பெரும்பாலும் விடாமல் சாப்பிட்டும் வைரஸ் முழுதாக அடங்காதவர்களிடம்தான் மருந்துக்கு எதிர்ப்பு அதிகம் உருவாகியிருந்தது. எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் இன்று இந்தியாவிலும் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர் மாத்திரைக்கு எதிர்ப்பு அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஊரைக் காக்க வேண்டுமானால் மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும். சென்னையிலும் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இலேயே காட்டிவிட்டது.

மாத்திரைக்குப் பதிலாக வந்த ஊசியின் கதை இன்னும் கொடுமை. கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போட்டால் தினசரி மாத்திரை வேண்டாம். 2021 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தபோது, ஏற்கெனவே மாத்திரையால் வைரஸ் அடங்கியவர்களுக்கு மட்டும் என்று எழுதிவிட்டார்கள். மாத்திரையோடு மல்லாடுபவருக்கு உதவக்கூடிய மருந்து, மல்லாடத் தேவையில்லாதவர் கைக்குப் போயிற்று. மோனிகா காந்தி தலைமையிலான வார்டு 86 மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. வைரஸ் அடங்காத 57 பேருக்கு ஊசி போட்டார்கள். 54 பேருக்கு அடங்கியது, இருவருக்குப் பலிக்கவில்லை. மருந்தை இடையிடையே விட்டவர்களிடம் நடந்த 'லாட்டிடியூட்' ஆய்வில், ஊசிக்காரர்களில் சுமார் 24 சதவீதம் பேருக்கும் மாத்திரைக்காரர்களில் 38 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. 2024இல் ஆட்களை இரு பிரிவாகப் பிரிப்பதைப் பாதியிலேயே நிறுத்தி, ஆய்வில் இருந்த தகுதியுள்ள எல்லோருக்கும் ஊசியைக் கொடுக்கச் சொன்னார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. பல ஆண்டுகள் இங்கே கொடுக்கப்பட்ட எஃபவிரன்ஸ், இரவில் சாப்பிட வேண்டிய, தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும் மருந்து. இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய நாமக்கல் லாரி ஓட்டுநர் அதை ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் அது பொறுப்பின்மை ஆகாது, எதிரே வரும் வண்டியைப் பற்றிய பயம். இன்று மாத்திரை மாறிவிட்டது. சொந்த ஊர் மையத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறுவதும், அதற்காக ஒரு நாள் கூலியை இழப்பதும் மாறவில்லை.

இது மாற, மாலை நேரத்திலும் சிகிச்சை மையங்கள் திறந்திருக்க வேண்டும். தேதி தவறி வந்தவரை உபதேசம் செய்யாமல் அன்றே மருந்தோடு அனுப்ப வேண்டும். எத்தனை பேர் மருந்தை விட்டார்கள் என்று எழுதும் அதே பதிவேட்டில், வந்தவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பதையும் எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.