கல்லுக்குக் கவசம் எங்கே வேண்டும்?

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் குறுகிப்போன கோடம்பாக்கம் ஆற்காடு சாலையில், பெயர்ந்த ஜல்லி சிறு சரக்கு வண்டிகளைப் பதம் பார்க்கிறது. உரிமையாளர்கள் முன்புறம் இரும்புத் தடுப்பு பொருத்த நினைப்பது இயல்பே. ஆனால், மோதும்போது பாதசாரிகளுக்குப் பேராபத்து என்பதால், அத்தகைய தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்க 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களை அறிவுறுத்தியது. 2019 சட்டத் திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சக்கரத்தடியிலிருந்து தெறிக்கும் கல்லை முன்புறக் கம்பி தடுக்காது. அடிப்பாகப் பூச்சும், சக்கரத்தின் பின்னே தொங்கும் ரப்பர் மறைப்பும் ஓரளவு காக்கும். ஜல்லி லாரிகள் தார்ப்பாயால் மூடப்படுவதும், ஒப்பந்ததாரர்கள் சாலையை அன்றாடம் துப்புரவாக்குவதுமே உண்மையான கவசம். வண்டியை மாற்றியவரைத் தண்டிக்கும் அரசு, கல்லைச் சிதறவிட்டவரிடமும் கணக்குக் கேட்க வேண்டாமா?