பாதியில் நிற்கும் பல் சீரமைப்பு

வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறுவது பற்றிப் பேசப்படும் போதெல்லாம் இருதய நிபுணர்களும் மயக்க மருந்து நிபுணர்களுமே நினைவுக்கு வருகின்றனர். பல் சீரமைப்பு நிபுணரைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. பல்லுக்குக் கம்பி போடுவது வசதி படைத்தோரின் அழகு சார்ந்த விடயம் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். இது தவறான எண்ணம் மட்டுமல்ல, 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நோயாளிகளைப் பாதிக்கும் எண்ணமாகவும் மாறியுள்ளது என நாம் கருதுகின்றோம்.

பல் ஒரு நாளில் நகர்வதில்லை. கம்பியின் மெல்லிய அழுத்தத்தினால் ஒரு பக்கத்தில் எலும்பு கரைந்து, மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாகி, மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே அது இடம்பெயர்கின்றது. அழுத்தம் மிகுந்தால் வேரே கரையத் தொடங்கும். எந்தப் பல்லைப் பிடுங்குவது, எதனைக் காப்பது, பிள்ளையின் தாடை இன்னும் எவ்வளவு வளரும் என்பனவற்றை எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு முன்கூட்டியே கணித்து, பின்னர் நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் இரண்டு வருடங்கள் வரை அதே நோயாளியைப் பார்த்து வருவதே இந்நிபுணரின் தொழிலாகும். கம்பியைக் கழற்றிய பின்னரும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதவாறு கண்காணிக்க வேண்டும்.

உதடு அல்லது அண்ணம் பிளவுபட்ட நிலையில், உலகளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று பிறக்கின்றது. சத்திரசிகிச்சை நிபுணர் சிறு வயதிலேயே பிளவை மூடிவிடுகின்றார். ஆனால், எட்டு வயதளவில் மேல் தாடையை விரித்து எலும்பு ஒட்டுவதற்குத் தயார்ப்படுத்துவதும், பின்னர் பல் வரிசையைச் சீராக்குவதும், வளர்ச்சி நின்றபின் தாடைச் சத்திரசிகிச்சைக்கு வழிசெய்வதும் பல் சீரமைப்பு நிபுணரின் பொறுப்பேயாகும். இதனை அழகு எனக் கூறுவோர் அப்பிள்ளை சோறு மெல்வதையும் பேச முயல்வதையும் கண்டதில்லை போலும்.

பல் வைத்தியப் பட்டம் பெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயின்று, வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்த பின்னரே ஒருவர் இத்துறையில் நிபுணராகின்றார். அத்தகையவர் ஒருவர் வெளியேறும்போது, அல்லது இடமாற்றம் பெறும்போது, சிகிச்சையின் நடுவில் நிற்கும் பிள்ளைகள் யாவரும் ஒரே நாளில் கைவிடப்படுகின்றனர். கவனிப்பாரற்ற கம்பியைச் சுற்றி உணவு தங்கிப் பல் சொத்தையாகும். பாதி நகர்ந்த பல் எங்கும் பொருந்தாமல் நிற்கும். தனியார் சிகிச்சை நிலையத்தில் புதிதாகத் தொடங்குவது கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இயலாத காரியம்.

வடக்கு, கிழக்கு, மலையக மக்களுக்கு இச்சுமை இரட்டிப்பாகின்றது. வேலை நாளொன்றின் கூலியை இழந்து நெடுந்தூரம் பயணிக்கும் தாய்க்கு, பற்களை எவ்வாறு துலக்குவது, இறப்பர் வளையத்தை எத்தனை மணிநேரம் அணிவது என்பதைத் தமிழில் சொல்ல ஆளில்லையெனில் அப்பயணமே வீணாகிவிடும்.

சுகாதார அமைச்சு ஒன்றை உடனடியாகச் செய்யலாம். நிபுணரொருவரை விடுவிக்கு முன்னர், முடிவடையாத நோயாளிகளின் பட்டியல், எக்ஸ் கதிர்ப் படங்கள், சிகிச்சைத் திட்டம் ஆகியன பெயர் குறிப்பிடப்பட்ட இன்னொரு நிபுணரிடம் எழுத்து மூலம் கையளிக்கப்படல் வேண்டும். பெற்றோருக்கும் அது அவர்களது மொழியில் அறிவிக்கப்படல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ அந்நியச் செலாவணியோ தேவையில்லை.