பத்தைக் கட்டப் பழக்குவோம்

இடப்பெயர்வினால் படிப்பு அறுபட்ட பிள்ளைகளுள் பலர் நூறு வரை மளமளவென்று சொல்வார்கள். முந்நூற்று ஐந்தை எழுதச் சொன்னால் 3005 என்று எழுதிவிடுவார்கள். பிள்ளை மொக்கு என்பதல்ல. காதில் விழுந்தபடி முந்நூறையும் எழுதி, ஐந்தையும் எழுதியிருக்கிறது. இலக்கம் நிற்கும் இடமே அதன் பெறுமானம் என்பதை அதற்கு யாரும் காட்டவில்லை. நிவாரண அட்டையிலும் காணிப் படிவத்திலும் ஓர் இலக்கம் பிசகினால் என்னவாகும் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்குக் கொப்பி வேண்டாம். நூறு ஈர்க்குத் துண்டு போதும். பத்துச் சேர்ந்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டுச் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. பிள்ளையே கட்டவேண்டும், பிள்ளையே அவிழ்க்கவேண்டும். தமிழில் ஒரு சிக்கலும் உண்டு: தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. சொல்லை நம்பும் பிள்ளை தடுமாறத்தான் செய்யும். ஒன்பது கட்டைக் கையில் கொடுத்தால் மயக்கம் தீரும்.

லூக்கா 15ஆம் அதிகாரத்து ஆடுகளை இங்கே எடுத்துக்கொள்ளலாம். பெரிய கட்டு நூறு ஆடு. ஒன்றைக் காணவில்லை. அந்த ஒன்றை எடுப்பதற்குப் பெரிய கட்டையும் அவிழ்க்கவேண்டும், அதிலுள்ள ஒரு சிறு கட்டையும் அவிழ்க்கவேண்டும். மிஞ்சுவது ஒன்பது கட்டும் ஒன்பது ஈர்க்கும். ஒன்றுக்காக நூறு முழுதும் குலைவதைப் பிள்ளை தன் விரலாலேயே அறியும். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கூட்டினால் எத்தனை என்று கேட்பதை நாம் விரும்புவதில்லை. அது வேதபாடமுமல்ல, நல்ல கணக்குமல்ல. அதே கதையில் சனங்கள் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் இருந்ததை மாற்கு சொல்கிறார். பங்கீட்டு வரிசையில் நின்ற பிள்ளைக்கு அதன் காரணம் உடனே விளங்கும்.

இன்னொன்று. "நீ வெறும் பூச்சியம், முன்னால் இயேசு என்ற ஒன்று நின்றால்தான் மதிப்பு" என்று ஞாயிறு பாடசாலைகளில் சொல்வதுண்டு, நல்லெண்ணத்தோடுதான். வீட்டையும் வயலையும் விட்டு வந்த பிள்ளைக்கு அதைச் சொல்லவேண்டாம் என்பதே எமது கருத்து. கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட பிள்ளை அது. கணக்கின்படியும் அது முழு உண்மையல்ல. 305இல் பூச்சியத்தை எடுத்துவிட்டால் 35 ஆகிவிடும். நம் முன்னோர் நூறுக்குத் தனிக்குறி இட்டு ௩௱௫ என்று எழுதியபோது பூச்சியம் தேவைப்படவில்லை. இடத்தை வைத்து எழுதத் தொடங்கியதும் வெற்றிடத்துக்கும் ஒரு குறி வேண்டியதாயிற்று. ஆகவே மண்ணில் மூன்று கட்டம் கீறி ஈர்க்கு வைக்கும்போது, நடுக்கட்டம் வெறுமையாக இருந்தாலும் அதைப் பிள்ளை அழிக்க விடாதீர்கள்.