பத்திரத்தில் பறிபோன அரண்மனை

கெய்ரோ என்றால் அல்-அஸ்ஹர் என்பார்கள் நம் இளைஞர்கள். துனிஸ் என்றால் ஸைத்தூனா பள்ளிவாசல் என்று சொல்பவர்களும் உண்டு. மகிழ்ச்சிதான்! அந்த இரு தலைநகர்களின் பழைய நகரங்களையும் 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சென்று சேரும் நம் தலைநகரின் வரலாறு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கம் செல்கிறோம். அந்த மைதானம் ஒரு காலத்தில் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அரண்மனைத் தோட்டம். பக்கத்திலேயே நிற்கும் கலஸ் மஹாலும் ஹுமாயூன் மஹாலும் 1768-ல் எழுந்த அந்த அரண்மனையின் பகுதிகள்தாம்.

அந்த அரண்மனை எப்படிப் பறிபோனது? போரில் தோற்றா? இல்லை! கடனில்!

நவாப் கும்பினியிடமும் அதன் அதிகாரிகளிடமும் வட்டிக்குக் கடன் வாங்கினார். படைச் செலவும் ஆடம்பரமும் சேர்ந்து கடன் வளர்ந்தது. 1763-லேயே செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். செம்பாக்கமும் தாம்பரமும் அந்த வட்டாரத்து ஊர்கள்தாம். கடன் கொடுத்தவர்களில் பேர்போனவர் பால் பென்ஃபீல்ட். அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்பார்கள்! இந்தக் கடன் விவகாரத்தின் நாற்றம் லண்டன் வரை எட்டியது. 1785-ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இதைப் பற்றியே நீண்ட உரை நிகழ்த்தினார்.

1801 ஒப்பந்தத்தில் ஆட்சி போயிற்று. 1855-ல் நவாப் குலாம் கவுஸ் வாரிசின்றி இறந்ததும் பட்டமும் போயிற்று. 1859-ல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அரசாங்கமே எடுத்துக் கொண்டது. பின்னர் அது அரசு அலுவலகங்களாயிற்று. 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு அரசு அதைப் புதுப்பித்தது.

அதே நவாப் குடும்பம் 1795-ல் திருவல்லிக்கேணியில் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசலைப் பாருங்கள். கருங்கல்லால் ஆன அந்தப் பெரிய பள்ளியில் இன்றும் ஜும்ஆ நடக்கிறது. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடலை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர்! அந்நாளின் நல்லிணக்கத்திற்குக் கல்லில் பொறித்த சாட்சி அது.

அரண்மனை ஒருவரின் சொத்து. கடன்காரர் கையில் போயிற்று. பள்ளிவாசல் இறைவனுக்கென ஒப்படைக்கப்பட்டது. அதை அடகு வைக்க எவருக்கும் உரிமையில்லை. அதனால் நின்றது. வக்ஃபு என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்?

ஆனால் இன்று எழுத்தில்லாத உரிமை நிற்பது கடினம். நீண்டகாலப் பயன்பாட்டை மட்டும் காட்டி இனிப் புதிதாக வக்ஃபு என்று கோர முடியாது என்று 2025 திருத்தச் சட்டம் ஆக்கிவிட்டது. இது அநீதி என்று குரல் கொடுப்போம், நீதிமன்றத்திலும் வாதாடுவோம். அதே வேளையில் நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? எத்தனை மஹல்லாக்களில் மூலப் பத்திரம் முத்தவல்லியின் வீட்டுப் பெட்டியில் கரையானுக்கு இரையாகிறது? வக்ஃபு கடையில் தாத்தா காலத்து வாடகையைக் கொடுத்துக் கொண்டு லாபம் பார்ப்பவர் யார்? வேறு யாருமல்ல, நம் சகோதர வியாபாரிகளே! அன்று கும்பினிக்காரன் செய்ததை இன்று நாமே செய்யலாமா?

வியாபாரப் பெருமக்களே! வக்ஃபு கடைக்கு நியாயமான வாடகையைக் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசல், கபரஸ்தான், மத்ரஸா ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பட்டா, பதிவு எண் அனைத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். சான்றிட்ட நகல்களை இரண்டு இடங்களில் வையுங்கள்.

இளைஞர்களே! அடுத்த ஆட்டத்திற்குச் சேப்பாக்கம் போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மஹாலைப் பாருங்கள், வாலாஜா பள்ளியில் தொழுங்கள். திரும்பி வந்து உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலை யார் கட்டினார், நிலம் யார் கொடுத்தார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்!

கையெழுத்துப் போட்டு இழந்த சமுதாயம், இனிக் கையெழுத்தாலேயே காக்கட்டும்.