ஒதுக்கின பணத்தை நிறுத்தி வைக்க யாரைக் கேட்டீங்க?

தருமபுரி மக்களே, ஒரு சின்னக் கேள்வி.

உங்க ஊர்ல ஏரி வேலைக்குப் போன அம்மா, பெரியம்மா யாருக்காவது 2025 பொங்கலுக்கு முன்னாடி கூலி ஏறுச்சா?

பென்னாகரம், ஏரியூர், அரூர்னு எந்தப் பக்கம் வேணா கேட்டுப் பாருங்க. 2024 நவம்பர் 27-க்கு அப்புறம் செஞ்ச வேலைக்குத் தமிழ்நாடு முழுக்கவே பணம் நின்னு போச்சு. 2025 ஜனவரி 13 அன்று நம் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதின கடிதத்துல இருக்கு: கூலி பாக்கி மட்டும் 1,056 கோடி ரூபாய். இந்தத் திட்டத்துல வேலை செய்யுறவங்கள்ல சுமார் 86 சதவீதம் பெண்கள். மார்ச் மாசம் மொத்த பாக்கி 4,034 கோடி ஆச்சு. மார்ச் 29-ந் தேதி ஒன்றியம் ஒன்றியமா ரோட்டுல உக்காந்தோம். அதுக்கப்புறம்தான் 2,999 கோடி வந்துச்சு.

வந்துடுச்சுல்ல, இன்னும் என்ன பேச்சுன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுமையா மேல படிங்க. விஷயமே இனிமேதான் இருக்கு.

நூறு நாள் வேலைச் சட்டம் என்ன சொல்லுச்சு? வேலை செஞ்ச 15 நாளுக்குள்ள கூலி. தாமதமானா ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2024-25 கூலி 319 ரூபா. ஆறு நாள் வேலைக்கு 1,914. அதுக்கு இழப்பீடு ஒரு நாளைக்கு 96 பைசா! அதுலயும் ஒரு கில்லாடித்தனம் இருந்துச்சு. மாநிலத்துல இருந்து கணக்கு ஏறினதுக்கு அப்புறம் டெல்லியில பணம் தேங்குற நாளை இழப்பீட்டுக் கணக்குலயே சேர்க்கல. ஸ்வராஜ் அபியான் வழக்குலதான் இது வெட்டவெளிச்சமாச்சு. தொழிலாளி கணக்குல பணம் ஏர்ற வரைக்கும் உள்ள மொத்த வேலையும் 15 நாளுக்குள்ள முடியணும்னு 2018 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஏழு வருசத்துக்கு மேல ஆச்சு.

இப்ப ஒதுக்கீட்டுக்கு வருவோம். 2023-24 திருத்திய மதிப்பீடு 86,000 கோடி. 2024-25-லயும் 86,000 கோடி. 2025-26-லயும் அதே 86,000 கோடி. இந்த மூணு வருசத்துல நம்ம மாநிலக் கூலி 294-ல இருந்து 336 ஆகியிருக்கு. கூலி ஏறுது, தொகை அசையல. அப்ப என்ன குறையும்? வேலை நாள்தான். இதுக்குப் பெரிய பொருளாதாரப் படிப்பெல்லாம் தேவையில்ல, மளிகைக் கடைக் கணக்கு.

அதுவாவது முழுசா வருமா? அங்கதான் 2025 ஜூன் மாசம் அடுத்த குண்டு. முதல் ஆறு மாசத்துல 60 சதவீதத்துக்கு மேல செலவு பண்ணக் கூடாதுன்னு ஒன்றிய நிதி அமைச்சகம் வரம்பு கட்டிடுச்சு. அதாவது செப்டம்பர் வரைக்கும் 51,600 கோடிதான். இந்தியா முழுக்க ஜனங்க அதிகமா வேலை கேட்டு வர்றது எந்த மாசம்? மே, ஜூன். கேட்டா வேலை கொடுத்தே ஆகணும்னு நாடாளுமன்றம் 2005-ல சட்டம் போட்டுச்சு. ஒரு அமைச்சகத்தோட செலவுத் திட்ட விதி அந்தச் சட்டத்துக்கே பூட்டு போட்டுச்சு. போர்வெல்ல தண்ணி இல்லாம மானாவாரிய நம்பி இருக்குற நல்லம்பள்ளி விவசாயக் கூலிகிட்ட போய், உங்க பசிய அக்டோபருக்குத் தள்ளி வைங்கன்னு சொல்ற மாதிரி.

இந்த அதிகாரம் எங்க இருந்து வருது?

அரசியலமைப்பைப் புரட்டுங்க. பிரிவு 266: சட்டத்தோட அனுமதி இல்லாம தொகுப்பு நிதியில இருந்து ஒரு பைசா எடுக்கக் கூடாது. பிரிவு 113: ஒவ்வொரு மானியக் கோரிக்கைக்கும் மக்களவை ஓட்டுப் போடணும். பிரிவு 114: அதை நிதி ஒதுக்கச் சட்டமா நிறைவேத்தணும். பிரிவு 115: பத்தலேன்னா துணை மானியம் கேட்டு மறுபடி வரணும். அதிகமா செலவாயிட்டா அதுக்கும் வந்து நிக்கணும். எல்லாமே அருமையான விதிங்க. ஆனா கவனிச்சீங்களா? எல்லாப் பூட்டும் அதிகமா செலவு பண்றதுக்கு எதிரா மட்டும்தான். ஒதுக்கின பணத்தை விடாம வெச்சுக்கிட்டா கேக்குறதுக்கு ஒரு பிரிவும் இல்ல. நிதி ஒதுக்கச் சட்டத்துல இருக்குற வார்த்தையே இன்ன தொகைக்கு "மிகாமல்" என்பதுதான். மிகாமல்னா பூஜ்யமும் மிகாததுதானே! மார்ச் 31 வந்தா செலவாகாத பணம் காலாவதி. டெல்லிக்குப் பற்றாக்குறை இலக்கு அழகா வந்து நிக்கும். நமக்கு நாமம்.

(ஓட்டு போடுறதாவது ஒழுங்கா நடக்குதான்னா அதுவும் இல்ல. 2023 மார்ச் 23-ந் தேதி 45 லட்சம் கோடி பட்ஜெட்டோட மானியக் கோரிக்கைகளை விவாதமே இல்லாம நிறைவேத்தினாங்க. நம்ம ஊர் கிராம சபையில தெருவிளக்குத் தீர்மானத்துக்கு இதைவிட அதிக நேரம் சண்டை நடக்கும்.)

இந்த ஓட்டை வழியாத்தான் நம்ம பிள்ளைங்க பணமும் போச்சு. சமக்ர சிக்ஷா, 2024-25, தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 2,152 கோடி. நிறுத்தினதுக்குக் காரணம், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்துல நாம கையெழுத்துப் போடல. தேசியக் கல்விக் கொள்கைய ஏத்துக்கிட்டாதான் நிதின்னு தர்மேந்திர பிரதான் வாரணாசியில வெளிப்படையாவே சொன்னார். கேரளா, மேற்கு வங்கத்துக்கும் இதே கதி. ஒன்னையும் இன்னொன்னையும் முடிச்சுப் போடுறது நியாயமில்ல, பணத்தை விடுங்கன்னு நாடாளுமன்ற நிலைக்குழுவே அறிக்கை கொடுத்துச்சு. பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட்ட அதே நாடாளுமன்றத்தோட குழு! கேட்டாங்களா? கடைசியில ஒரு மாநில அரசு, தன் பள்ளிக்கூடப் பணத்துக்காக பிரிவு 131-ன் கீழ உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட வேண்டிய நிலைமை.

அமெரிக்காவுல இதே பிரச்சினை வந்துச்சு. அதிபர் நிக்சன், காங்கிரஸ் ஒதுக்கின பணத்தைத் தனக்குப் பிடிக்காத திட்டத்துக்கு விட மாட்டேன்னு பிடிச்சு வெச்சார். (இது அந்த ஊர் காங்கிரஸ், அவங்க நாடாளுமன்றம். கமெண்ட்ல வந்து குழப்பாதீங்க.) 1974-ல சட்டம் போட்டுட்டாங்க. ஒதுக்கின பணத்தை ரத்து பண்ணணும்னா அதிபர் காங்கிரஸ்கிட்ட கேக்கணும். 45 நாள்ல அவங்க ஒத்துக்கலேன்னா பணத்தை விட்டே ஆகணும். டிரம்ப் அந்தச் சட்டத்தை மதிக்கிறாரான்னு கேட்டா, மதிக்கல, மீறத்தான் பாக்குறார். ஆனா வழக்குப் போடுறவங்க கையில ஒரு சட்டம் இருக்கு. 2025 ஜூலையில 900 கோடி டாலரை ரத்து பண்ண அவரே ஓட்டு கேட்டுப் போக வேண்டியிருந்துச்சு. நம்ம ஊர்ல 2,152 கோடியை நிறுத்த யார் யார்கிட்ட ஓட்டு கேட்டாங்க?

சங்கி நண்பர்கள் ஒரு பதில் வெச்சிருப்பாங்க: "7 கோடிப் பேர் இருக்குற தமிழ்நாட்டுக்கு, 20 கோடிப் பேர் இருக்குற உ.பி. அளவுக்கு நூறு நாள் பணம் தர்றோமே." மக்களவையில அவங்க அமைச்சர் சொன்னதும் இதேதான். அய்யா, இது தலைக்கு இவ்வளவுன்னு அளந்து போடுற அன்னதானம் இல்ல. வேலை கேட்டவங்க எத்தனை பேர், செஞ்ச நாள் எத்தனைன்னு பார்த்துக் கொடுக்குற கூலி. உ.பி.யில கேட்டவங்களுக்கு வேலை கொடுக்கலேன்னா அதை லக்னோவுல போய்க் கேளுங்க.

இன்னொன்னும் நேர்மையா சொல்லிடுறேன். இந்தச் சட்டம் நம்ம கூட்டணி டெல்லியில ஆட்சியில இருந்த பத்து வருசத்துலயும் வரல. வந்திருக்கணும். அன்னைக்கு யாருக்கும் தோணல, ஏன்னா இப்படி மாநிலத்தைப் பழி வாங்க பட்ஜெட்டைப் பயன்படுத்துவாங்கன்னு யாரும் நினைக்கல. இனிமே நினைக்காம இருக்க முடியாது. நாளைக்குச் சட்டம் வந்தா மாநில அரசுக்கும் அதே விதி பொருந்தட்டும். உள்ளாட்சிக்கு ஒதுக்கினதைக் கோட்டையில நிறுத்தினாலும் சட்டமன்றத்துல பதில் சொல்லட்டும். நமக்குப் பயமில்ல.

(மொரப்பூர்–தருமபுரி ரயிலைப் பத்தி ஏன் எழுதலன்னு கேப்பீங்க. 1906-ல வெள்ளைக்காரன் ஓட்டின ரயில், 1941-ல தண்டவாளத்தையே கழட்டிட்டுப் போனாங்க, 2019-ல மறுபடி அடிக்கல், இன்னும் வண்டி வரல. அது தனிப் பதிவு.)

நம்ம கோரிக்கை இதுதான். நாடாளுமன்றம் ஒதுக்கின தொகையை நிறுத்தணும்னா, இத்தனை நாளுக்குள்ள காரணத்தை எழுத்துல மக்களவையில வைக்கணும், அவை ஒத்துக்கலேன்னா பணத்தை விடணும்னு ஒரு சட்டம். கூலி, பள்ளிக்கூடம் மாதிரி சட்ட உரிமையா இருக்குற செலவுக்கு ஆறு மாச வரம்பு செல்லாதுன்னு அதுல ஒரு வரி.

ஆகஸ்ட் 15 கிராம சபை வருது. உங்க ஊராட்சியில கூலி பாக்கி எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில இருந்துன்னு ஊராட்சி செயலர்கிட்டக் கேட்டு, அதைத் தீர்மானத்துல பதிவு பண்ணச் சொல்லுங்க. வேலை அட்டையும் பேங்க் புக்கும் கையில எடுத்துட்டுப் போங்க. தீர்மான நகலை போட்டோ எடுத்து இந்தப் பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, மாவட்டம் முழுக்க ஒரே பட்டியலாப் போட்டு டெல்லிக்குக் கொண்டு போவோம்.

#கூலிஎங்கே #ஒதுக்கினதைவிடு