240 நாள் கணக்கு

இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைச் சட்ட உரிமையாக முதன்முதலில் அளித்தது 1945ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமாகும். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு 10 நாள் என்றிருந்த அந்த ஏற்பாட்டை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்னும் அளவுக்கு விரிவாக்கியது. இவ்வாறு சேரும் நாட்களே ஈட்டிய விடுப்பு எனப்படுகின்றன. கூலியைப் போலவே முன்னரே உழைத்துச் சம்பாதித்தவை அவை என்பதால், நிர்வாகத்தின் தயவில் கிடைக்கும் சலுகையாக அவற்றைக் கருதுவது சட்டத்தின் அடிப்படைக்கே மாறானது.

ஆனால் அந்த உரிமையின் வாசலில் ஓர் எண் நின்றது. ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கே அடுத்த ஆண்டில் விடுப்பு உண்டு என்றது அச்சட்டத்தின் 79ஆம் பிரிவு. வேலையின்றி நிறுத்திவைக்கப்பட்ட ‘லே-ஆஃப்’ நாட்கள், 12 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பு, முந்தைய ஆண்டில் ஈட்டி இவ்வாண்டில் எடுத்த விடுப்பு ஆகியவை 240 நாள் கணக்கில் சேரும் என்று அது இரக்கத்தோடு விளக்கம் தந்தாலும், நிரந்தரப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே அந்த இரக்கம் பயன்பட்டது. திருப்பூரின் பனியன் ஆலைகளிலும் கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். சத் பூஜைக்கோ தங்கையின் திருமணத்துக்கோ ஊருக்குச் செல்லும் ஒருவருக்கு ரயில் பயணத்திலேயே பல நாட்கள் கழிந்துவிடுகின்றன. திரும்பி வரும்போது பழைய வருகைப் பதிவு முடிக்கப்பட்டு, அவர் புதிதாகச் சேர்ந்தவராக எழுதப்படுவாரானால், அதுவரை சேர்ந்த விடுப்பும் அத்துடன் மறைந்துபோகிறது. வேலையை விட்டு நீங்குபவருக்கோ நீக்கப்படுபவருக்கோ எஞ்சிய விடுப்புக்கான சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொன்னது உண்மைதான். எனினும் அவர் நீங்கினார் என்பதற்கே தாள் இல்லாதபோது கணக்குத் தீர்ப்பது எங்ஙனம்? தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்பணி என்னும் அளவுகோலை வைத்திருப்பதால், ‘சர்வீஸ் பிரேக்’ என்று ஆலைகளில் சொல்லப்படும் இந்தச் செயற்கையான இடைவெளி, ஒரே வீச்சில் விடுப்பையும் நிரந்தரத்தையும் பறித்துவிடக்கூடியதாக இருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 240 நாளை 180 ஆகக் குறைத்திருப்பது மனமார வரவேற்கத்தக்கது. அதே சட்டம், ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் வழி செய்கிறது. அரசு ஊழியர்களிடையே இது ‘சரண்டர்’ என்ற பெயரில் நெடுங்காலமாகப் பழகியது. தமிழ்நாட்டில் 2020இல் கொரோனாக் காலத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டபோது எழுந்த மனக்குறை சிறிதன்று. ஆயினும் மாதச் சம்பளம் உறுதியாக வரும் ஊழியர் சில நாட்களை ஒப்படைப்பதும், வீட்டு வாடகைக்கும் கடன் தவணைக்கும் கூலி போதாத தையல்காரர் தம் ஓய்வு முழுவதையும் விற்பதும் ஒன்றாகா. கூலி குறைவாக உள்ள இடத்தில், பணமாக்கும் உரிமை நாளடைவில் விடுப்பே இல்லாத ஆண்டாக முடியும் என்ற அச்சம் நியாயமானது.

பணமின்றி ஓய்வு இல்லை என்பதை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். நான்கு நாளுக்குக் குறையாத விடுப்பு அனுமதிக்கப்பட்டவருக்கு, அது தொடங்கும் முன்பே அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று 81ஆம் பிரிவில் அவர்கள் எழுதினர். ‘பீஸ் ரேட்’டில் வேலை செய்பவரும் விடுபடாதபடி, முந்தைய மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரி வருவாயை விடுப்புச் சம்பளமாக 80ஆம் பிரிவு வகுத்தது. ஊருக்குப் புறப்படுபவரின் கையில் பயணச் செலவும் பண்டிகைச் செலவும் இருக்க வேண்டும் என்னும் இந்த அக்கறை, இனி எழுதப்படும் எந்த விதியிலும் இடம்பெற வேண்டியதாகும்.

இவை அனைத்திலும் குறைவாகப் பேசப்படுவது, மறுக்கப்பட்ட விடுப்பு பற்றிய ஏற்பாடு. பொதுவாக 30 நாள் வரையே விடுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல முடியும் என்றாலும், முறைப்படி விண்ணப்பித்தும் நிர்வாகம் மறுத்த நாட்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று 79ஆம் பிரிவு கூறியது. இந்தப் பாதுகாப்பு முழுவதும், 15 நாளுக்கு முன் எழுத்தில் கொடுக்கப்படும் ஒரு விண்ணப்பத்தைச் சார்ந்தே நின்றது. ஷிப்ட் நடுவே மேற்பார்வையாளரிடம் வாயால் கேட்டு, ‘ஆர்டர் முடியட்டும்’ என்று வாயாலேயே மறுக்கப்படும் விடுப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே விண்ணப்பத்தைத் தமிழிலோ, இந்தியிலோ, ஒடியாவிலோ எழுதித் தரவும், பெற்றதற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கவும் ஒவ்வோர் ஆலையிலும் வழி இருக்கிறதா என்பதையே தொழிற்சாலை ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டும்.