மெழுகில் ஒரு துண்டு அப்பா

சென்ற வருஷம் ஒரு சாயங்காலம், எல்லாரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில், அக்கவுண்ட்ஸ் பிரிவு இளைஞர் என் மேஜைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு சமாசாரத்தை எடுத்து ஃபைல் மேல் வைத்தார். தீப்பெட்டி அகலத்தில் தட்டையான பிளாஸ்டிக் வில்லை. அதன்மேல் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் மிளகு அளவில் பழுப்பாக ஏதோ.

"என்னப்பா இது?"

"எங்கப்பா சார்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"அதாவது, அப்பாவோட ஸைனஸ்லேர்ந்து எடுத்த சதை சார். பயாப்ஸி ப்ளாக். உங்க ஃப்ரெண்டு ஒருத்தர் பாதாலஜிஸ்ட்னு சொல்வீங்களே..."

விஷயம் இதுதான். அப்பாவுக்கு வயசு 64. சர்க்கரை உண்டு. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணுக்குப் பின்னால் வலி. ஆபரேஷன் செய்து சதையை எடுத்துப் பரிசோதித்ததில் 'பூஞ்சை இழைகள் காணப்படுகின்றன' என்று ரிப்போர்ட் வந்தது. எந்தப் பூஞ்சை? அது ரிப்போர்ட்டில் இல்லை. திருடு போன வீட்டில் 'வந்தவன் ஒரு ஆம்பளை சார்' என்று போலீஸிடம் சொல்வது போல.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த வியாதியில் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஆசாமிகள் இரண்டு பேர். ஒன்று ம்யூக்கர் வகையறா. 2021-ல் கொரோனாவுக்குப் பின்னாலேயே வந்து 'கருப்புப் பூஞ்சை' என்று நம்மையெல்லாம் நடுங்க வைத்ததே, அது. (உண்மையில் பூஞ்சை கருப்பில்லை. அது கொன்றுபோட்ட சதைதான் கருப்பு.) இரண்டாவது ஆஸ்பர்ஜில்லஸ். இதற்கு வோரிகொனஸோல் என்ற மாத்திரை நன்றாகக் கேட்கும். ம்யூக்கரோ அந்த மாத்திரையைச் சட்டையே செய்யாது. அதற்கு ஆம்ஃபோடெரிஸின் ஊசிதான்.

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஊசியையே ஆரம்பித்திருந்தார். சரியான முடிவு. ஆனால் அந்த மருந்து சிறுநீரகத்தைப் படுத்தும். கிரியாட்டினின் 1.1-லிருந்து 2.6-க்கு ஏறிவிட்டது. ஊசியை நிறுத்தினால், ஒருவேளை ம்யூக்கராக இருந்தால், உயிர் போகும். தொடர்ந்தால் கிட்னி போகும்.

"கல்ச்சர் பண்ணி வளர்த்துப் பார்க்கலாமே?"

இளைஞரின் குரல் இறங்கியது. "முடியாதாம் சார். தியேட்டர் வாசல்ல பாட்டிலைக் கையில கொடுத்து லேபுக்கு ஓடச் சொன்னாங்க. நான்தான் ஓடினேன். எல்லாத் துண்டும் ஒரே பாட்டில்ல, ஃபார்மலின்ல. அப்ப எனக்கு என்ன சார் தெரியும்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

என் பாதாலஜிஸ்ட் நண்பன் கல்லூரிக் காலத்துச் சினேகிதம். எந்தக் கேள்விக்கும் சரித்திரத்திலிருந்துதான் ஆரம்பிப்பான்.

"தம்பி, 1893-ல ஃபெர்டினாண்ட் ப்ளூம்னு ஒரு ஜெர்மன் டாக்டர். ஃபார்மலின் கிருமியைக் கொல்லுதான்னு சோதிச்சுக்கிட்டிருந்தார். பார்த்தா, அவர் விரல் நுனித் தோலே விறைச்சுப்போச்சு. அட, அப்ப சதையையும் இதுல போட்டுக் கெட்டியாக்கலாமேன்னு தோணிச்சு. அன்னிலேர்ந்து பயாப்ஸின்னா ஃபார்மலின்தான். சதை அழுகாது, எத்தனை வருஷம் கழிச்சும் வெட்டிப் பார்க்கலாம். ஆனா உள்ள இருக்கிற பூஞ்சையும் செத்துடும். செத்ததை எப்படி வளர்க்கறது?"

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னான். ரோஜா நிறத்தில் சதை. நடுவே மூங்கில் குச்சிகள் போல இழைகள்.

"ம்யூக்கர் அகலமா, ரிப்பன் மாதிரி இருக்கும். நடுவுல தடுப்பு ரொம்ப இருக்காது. கிளை செங்கோணத்துல பிரியும். ஆஸ்பர்ஜில்லஸ் ஒல்லி. வரிசையா தடுப்பு. கிளை 45 டிகிரி. இது புஸ்தகத்துல."

"நிஜத்தில்?"

"நிஜத்துல கத்தி எந்தப் பக்கமா வெட்டிச்சோ அப்படித் தெரியும். ரிப்பன் மடிஞ்சு ஒல்லியாத் தெரியும். ஒல்லி வீங்கி ரிப்பனாத் தெரியும். இதுல பார், ரெண்டு மாதிரியும் இருக்கு. தவிர, ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரியே வேஷம் போடற பூஞ்சை இன்னும் பல இருக்கு. அதனால டி.என்.ஏ.வைத்தான் கேட்கணும்."

அதற்குத்தான் பி.ஸி.ஆர். கொரோனா புண்ணியத்தில் இந்த வார்த்தை இப்போது ஆட்டோ டிரைவருக்கும் தெரியும். 1983-ல் கேரி முல்லிஸுக்குத் தோன்றிய யோசனை. 1993-ல் நோபல் பரிசு. டி.என்.ஏ.வில் நமக்கு வேண்டிய ஒரு பகுதியை மட்டும் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருக்குவது. முப்பது முறை இரட்டித்தால் ஒன்று 107 கோடியாகிறது. நம் பி.எஃப். பணமும் இப்படி வளர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மெழுகு ப்ளாக்கிலிருந்து மைக்ரோடோம் என்ற கருவியில் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவல்கள் எடுக்கிறார்கள். மெழுகைக் கரைத்து, புரதத்தைச் செரிக்க வைத்து, டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். ஃபார்மலினில் ஊறிய டி.என்.ஏ. கிழித்துப் போட்ட கடிதம் மாதிரி துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். எனவே நீளமாகத் தேடாமல் இருநூறு முன்னூறு எழுத்துகளில் தேடுகிறார்கள். எங்கே? ரைபோஸோம் மரபணுக்களுக்கு நடுவில் ஐ.டி.எஸ். என்று ஓர் இடம். ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். 2012-ல் இதையே பூஞ்சைகளுக்குப் பொதுவான பார்கோடாக விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். ஒரு செல்லிலேயே இதற்குப் பல பிரதிகள் இருப்பதால், கிழிந்த கடிதத்திலும் ஏதாவது ஒன்றில் முகவரி தப்பித்திருக்கும்.

"இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா டாக்டர்?" என்றார் இளைஞர்.

நண்பன் அமெரிக்காவுக்குப் போனான், பேச்சில்தான். அதே 2012, செப்டம்பர் மாதம். டென்னஸி மாநிலத்தில் முதுகுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு மூளை உறையில் பூஞ்சை. பின்னாலேயே ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். மாஸசூஸெட்ஸில் ஒரு நிறுவனம் தயாரித்த ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. முதல் நோயாளிக்கு ஆஸ்பர்ஜில்லஸ். மற்றவர்களில் பலருக்குக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தண்டுவட நீரிலும், ஃபார்மலினில் பதப்படுத்திய சதையிலும் பி.ஸி.ஆர். செய்து பார்த்தது. வந்த பெயர் எக்ஸெரோஹைலம் ராஸ்ட்ரேட்டம். புல்லிலும் சோள இலையிலும் புள்ளி விழவைக்கும் பூஞ்சை! மனிதனிடம் அதற்கு அதுவரை அவ்வளவாக ஜோலி இருந்ததில்லை. 20 மாநிலங்களில் 750 பேருக்கு மேல் நோய். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெயர் தெரிந்ததால்தான் எதை எதிர்த்து வைத்தியம் செய்கிறோம் என்பது டாக்டர்களுக்கு நிச்சயமானது.

"ஆனா ஒண்ணு," என்று நண்பன் விரலை உயர்த்தினான். "பி.ஸி.ஆரை அப்படியே நம்பிடக் கூடாது. பூஞ்சை விதை காத்துல இருக்கு, கத்தில இருக்கு, மெழுகுலயே இருக்கலாம். இது எல்லாத்தையும் பெருக்கிக் காட்டிடும். அதனால சதையே இல்லாத வெறும் மெழுகையும் கூடவே சோதிக்கணும். அதுலயும் அதே பேர் வந்தா குப்பைத் தொட்டி. அப்புறம், வந்த பேரும் மைக்ராஸ்கோப்ல தெரியற உருவமும் பொருந்தணும். கோள் சொல்றவன் ஒருத்தன், கண்ணால பார்த்தவன் ஒருத்தன். ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னாத்தான் கேஸ்."

ப்ளாக் ஒரு பெரிய லேபுக்குப் போயிற்று. ஐந்து நாள். இளைஞர் தினமும் ஆபீஸுக்கு வந்தார். ஒரு வவுச்சர்கூடச் சரியாகப் போடவில்லை. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆறாம் நாள் காலை பதில் வந்தது: ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். வெறும் மெழுகில் ஒன்றுமில்லை. நண்பன் ப்ளாக்கிலிருந்து இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்ததில் ஒல்லி இழை, தடுப்பு, 45 டிகிரி எல்லாம் பொருந்தின. நம் வேர்க்கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தைச் சேர்க்கிற அதே பூஞ்சைதான். டாக்டர் அன்றைக்கே ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்.

ஒரு மாசம் கழித்துப் பெரியவரைப் பார்க்கப் போனேன். கிரியாட்டினின் 1.4. கன்னம் வடிந்திருந்தது. அந்த மாத்திரைக்குப் பார்வையில் வர்ண ஜாலம் காட்டும் குணம் ஒன்று உண்டு.

"மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துக்குச் சுவரெல்லாம் கலர் கலரா ஜொலிக்குது சார். டாக்டர் பயப்படாதீங்கன்னுட்டார். கேபிள் காசு மிச்சம்," என்றார். பிறகு, "நான் கடலையே சாப்பிடறதில்லையே, எப்படி வந்தது?" என்று கேட்டார். காற்றில் வரும், மூச்சு விடுகிற எல்லாருக்கும் வரும், உடம்பு அசந்த நேரத்தில் தங்கிவிடும் என்று சொன்னேன். நம்பவில்லை.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர் அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஓடும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'டாக்டர், பூஞ்சையோ வேறு கிருமியோ இருக்கலாம் என்றால் ஒரு துண்டை ஃபார்மலின் இல்லாமல் ஸலைனில் போட்டுக் கல்ச்சருக்கு அனுப்பலாமா?' என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அது தவறிப்போயிருந்தாலும் மனம் உடைய வேண்டாம். ப்ளாக் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கொஞ்சம் தாமதமானாலும் அது பேசக்கூடும்.

கிளம்பும்போது வாசலில் இளைஞரிடம் கேட்டேன். "ப்ளாக்கைத் திருப்பிக் கொடுத்தாச்சா?"

"கொடுத்துட்டேன் சார். கையெழுத்து போட்டு ரசீது வாங்கிக்கிட்டேன்."

"ரசீது எதுக்குப்பா?"

"அப்பாவாச்சே சார்."